கிழக்கு வீட்டு அண்ணனுக்கு, நமக்கு நடுவே எல்லைச் சுவராக இருந்த கையாலை விஷயமாக

அண்ணே,

இதை நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தடவை உங்கள் கேட் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அன்றைக்கு நான் கத்தியதை ஊரே கேட்டது, அதனால் இதையும் ஊரே படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

அடுக்களையைக் கிழக்கே எட்டடி நீட்டலாம் என்று வீட்டுக் காகிதங்களை எடுத்ததில்தான் எல்லாம் தொடங்கியது. தாத்தா பேரில் இருக்கிற பத்திரம் 1956-க்கு முந்தையது, நம் குமரிப் பக்கம் திருவிதாங்கூரில் இருந்தபோது மலையாளத்தில் எழுதியது. அதில் 12 சென்ட். பட்டாவில் 4.70 ஏர், ஏருக்கு 2.47 சென்ட் என்று போட்டால் 11.6 தான் வருகிறது. மிச்சம் 0.4 சென்ட், அதாவது 174 சதுர அடி, நல்ல ஒரு ரூம்! அது எங்கே போயிருக்கும் என்று யோசித்தபோது கண் நேரே உங்கள் பக்கம் போனது. இன்னும் மூன்று பக்கம் இருக்கிறதே என்று தோன்றவே இல்லை. பத்திரத்திலும் கிழக்கெல்லை கையாலை என்று இருக்கிறதே தவிர, கையாலையின் எந்தப் பக்கம் என்று இல்லை. உங்கள் அயனி மரம் வேறு வருஷா வருஷம் அதை எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்ததா, எனக்கு அதுவே சாட்சியாகிவிட்டது.

ஐப்பசியில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டாதே, கையாலையை ஒட்டித் தோண்டவே தோண்டாதே என்று கொத்தனார் சொன்னார். நான் கேட்கவில்லை. மண் கையாலை, அடியில் இரண்டரை அடி அகலம், மேலே ஒரு அடிகூட இல்லை. ஒரு ராத்திரி மழையில் பத்தடி நீளத்துக்குச் சரிந்து, உங்கள் இரண்டு வாழையோடு எங்கள் வானத்துக்குள் இறங்கியது. காலையில் நீங்கள் "யார்ட்ட கேட்டுடே தோண்டுன?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. "எங்க மண்ணுல தோண்ட யார்ட்ட கேக்கணும்" என்று நான் சொன்ன பதில்தான் நியாயமில்லை.

நீங்கள் ஸ்டேஷனில் மனு கொடுத்ததில் எனக்கு வருத்தம் இருந்தது, இப்போது இல்லை. அங்கே இது சிவில் விஷயம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த வக்கீலிடம் போனேன். பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவு, உரிமைக்குப் பத்திரம்தான் பேசும், அதிலும் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரர் உரிமை கொண்டாடி வெளிப்படையாக அனுபவித்திருந்தால் கேஸ் போட்டும் நீ தோற்கலாம், முதலில் அளந்து பார் என்றார். சரி என்று கல்குளம் தாலுகாவில் அளவைக்கு எழுதிக்கொடுத்தேன்.

நோட்டீஸ் வந்தும் நீங்கள் வரவில்லை, உங்கள் வீட்டு அக்காதான் வந்து நின்றார்கள். சர்வேயர் எஃப்எம்பி ஸ்கெட்சை, அதாவது நில அளவை வரைபடத்தை, வைத்துக்கொண்டு டேப்பைப் பிடித்து, சரிந்த கையாலையின் நடுவே ஓர் இடத்தைக் காட்டினார். மண்வெட்டி இரண்டாவது வெட்டிலேயே 'டங்' என்றது. எல்லைக் கல் அங்கேயேதான் இருந்தது. கையாலை நட்ட நடுவில். நீங்கள் ஓரடிகூட எடுக்கவில்லை.

அப்படியானால் 0.4 சென்ட்? மேற்கே இடவழிப் பக்கம் அளந்தபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா சாவகாசமாகச் சொல்கிறாள்: "ஆட்டோ வரட்டும்னு உங்க அப்பாதானே அந்த ஓரத்த விட்டுக் குடுத்தாவ." இதை இரண்டு மாதம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா என்றால், "நீ கேட்டியா?" என்கிறாள்.

புதுச் சுவர் என் செலவு. அஸ்திவாரம் முழுக்கக் கல்லுக்கு இந்தப் பக்கம், என் மண்ணில். அடுக்களை எட்டடிக்குப் பதில் ஐந்தடிதான், சன்ஷேடு எல்கை தாண்டாது, கூரைத் தண்ணீரைப் பைப் வைத்து எங்கள் பக்கமே இறக்குகிறேன். இரண்டு வாழைக்கு என்ன உண்டோ அதையும் சொல்லுங்கள். அயனியைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. வெட்டச் சொல்ல மாட்டேன், சின்ன வயதில் அதன் பழத்தை உங்களைவிட நான்தான் அதிகம் தின்றிருப்பேன். ஆனால் கல்லுக்கு ஒரு சாண் தள்ளி ஒரு தொடைப் பருமன் வேர் ஓடுகிறது, அந்த இடத்தில் சுவரை எப்படிக் கொண்டுபோவது என்று நீங்களும் கூட நின்று சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கொத்தனார் நூல் கட்ட வருகிறார். கல்லை மூடவில்லை, மேலே ஒரு பழைய பக்கெட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வந்து ஒரு தடவை பாருங்கள்.