யாழ்ப்பாணம் கோப்பாய்ச் சிநேகிதிக்கு, கொழும்பு தெஹிவளையில இருந்து

எடி, எப்பிடி இருக்கிறாய்? அம்மான்ர முழங்கால் நோ இப்ப குறைவோ? உன்ர வொயிஸ் மெசேஜ் எல்லாம் கேட்டனான், பஸ்ஸுக்குள்ள நிண்டுகொண்டு கேட்டதால அப்பவே பதில் போடேலாமல் போச்சு, அதோட நீ வீட்டுத்தோட்டத்தைப் பற்றிக் கேட்டது ரெண்டு வரியில அடிச்சு அனுப்பிற விசயமும் இல்லை, அதான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வச்சிருந்து ஆறுதலா எழுதிறன். உன்ர மகளுக்கு பேராதனைக் கம்பஸ் கிடைச்சதுக்கு எங்கட வீட்டில எல்லாருக்கும் பெரிய சந்தோசம், மாமி கோயிலுக்குப் போய் அவளின்ர பேரில அர்ச்சனையும் செய்திட்டா. நல்ல போர்வை ஒண்டு குடுத்துவிடு, மார்கழி தையில அங்க இரவில குளிரும்.

எங்கட பக்கம் வழமை போலதான். பெரியவனுக்கு ஓ எல் சோதினை வருது, பள்ளிக்கூடம் விட்டால் ரியூசன், ரியூசன் விட்டால் இன்னொரு ரியூசன். சின்னவள் நீச்சல் பழகிறாள். இவருக்கு ஷிஃப்ட் வேலை, எந்த நேரம் வீட்டில நிப்பார் எண்டு எனக்கே கலண்டரைப் பாத்துத்தான் தெரியும். நான் ஒஃபிஸ் முடிஞ்சு காலி வீதி ட்ராஃபிக்கில வந்து சேர ஆறு ஆறரை ஆகும். இந்த வீட்டில தோட்டம் எப்பிடி நிக்குது எண்டுதானே கேட்டனீ, நீயும் பள்ளிக்கூடமும் பின்னேர வகுப்பும் எண்டு ஓடித் திரியிறனீ, அப்பான்ர வளவை என்ன செய்யிறதெண்டு யோசிக்கிறாய்.

உன்னாலயும் தோட்டம் செய்ய ஏலும் எண்டுதான் நான் சொல்லுவன். ஆனா வளவு முழுக்க ஒரேயடியாக் கொத்தாத. வேலைக்குப் போற வீட்டில தோட்டத்துக்கெண்டு தனியா நேரம் ஒதுக்கப் பாத்தால் அந்த நேரம் ஒருநாளும் வராது, நாங்கள் எப்பிடியும் ஒவ்வொரு நாளும் நடக்கிற பாதையில, எப்பிடியும் செய்யிற வேலைக்குப் பக்கத்தில செடியை வைக்கோணும். 2022 இல காஸ் கியூவும் மரக்கறி விலையுமா இருந்த நேரம் அரசாங்க உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னது ஞாபகம் இருக்குத்தானே, எங்கட ஒழுங்கையில அப்ப எல்லா வீட்டிலயும் மரவள்ளித்தடி நட்டவை. இண்டைக்கும் தோட்டம் மிஞ்சி நிக்கிற வீடுகளைப் பார், எல்லாம் குசினி வாசலிலயும் பைப்படியிலயும் வச்ச வீடுகள்தான்.

எங்கட வளவே வீட்டோட சேர்த்து ஏழு பேர்ச் தான், மதிலோரமா ஒரு துண்டும் பின்பக்கம் ஒரு துண்டும்தான் மிச்சம். அரிசி கழுவிற பைப்படியில பொன்னாங்காணியும் வல்லாரையும், கழுவின தண்ணி அப்பிடியே அதுக்குப் போகும், தண்ணி ஊத்தோணுமே எண்டு ஒருத்தரும் நினைக்கவே தேவையில்லை. குசினிக் கதவோட கறிவேப்பிலையும் கறிக்கு வாசத்துக்குப் போடுற ரம்பையும், கறி அடுப்பில கொதிக்கேக்க கையை நீட்டினால் எட்டோணும். கங்குன் கீரையைச் சந்தையில கட்டா வாங்கி இலையைச் சுண்டிப்போட்டு தண்டுகளை ஈரமண்ணில குத்தினால் காணும், அது தானா வேர் விடும். குளிக்கிற தண்ணி ஓடுற இடத்தில வாழை. கோழிக்கூட்டு வாழை ருசிதான், ஆனா அதுக்கு வேரால வாற வாடல் நோய் கெதியாப் பிடிக்கும், புளிவாழை அதைத் தாங்கும், இந்த ஈரத்துக்கு அதுதான் சரி. தாய்மரத்தோட ஒரு குட்டியை மட்டும் விட்டு மிச்சத்தை வெட்டினால் குலை பெருசா வரும், பொத்தியை மாமி வறை வறுப்பா.

உனக்கு கட்டாயம் சொல்லோணும் எண்டு நினைச்சது இதுதான், பூக்கள் விரியிற நேரம். பூசணிப்பூ விடியக்காலமை விரிஞ்சு பத்து மணிக்குள்ள வாடிப்போகும், அதால அது பெரியவன்ர வேலை, பள்ளிக்கூடம் போக முதல் ஒரு ஆண்பூவைப் புடுங்கி, அடியில பிஞ்சோட இருக்கிற பெண்பூவில மெதுவாத் தேச்சிட்டுப் போவான், அரை நிமிசம் கூட இல்லை. புடோல், புடலங்காய்தான், அதுக்கு மற்றப்பக்கம், பின்னேரம் இருட்டேக்கதான் அந்த வெள்ளைப் பூ விரியும், இரவில திரியிற அந்துப்பூச்சியளுக்காக விரியிற பூ அது, நான் வேலையால வந்து பையைக் கூட வைக்காமல் நேர பந்தலடிக்குத்தான் போவன், அந்த மணமும் நூல் நூலா இருக்கிற இதழும் பாத்தால் பஸ்ஸில பட்ட பாடெல்லாம் போயிடும், உண்மையாத்தான் சொல்லுறன். பஷன்புறூட் மஞ்சள் சாதி மத்தியானத்தில விரியும், அந்த நேரம் வீட்டில மாமி மட்டும்தான், அவவுக்கு மதிலில எட்டாது, அந்த வேலையைப் பெரிய கருவண்டுகள் பாக்கும். அதுகள் காஞ்ச மரத்தைத் துளைச்சுத்தான் கூடு வைக்கும், அதுக்காகவே பழைய முருங்கைக்கட்டை ஒண்டை மூலையில விட்டு வச்சிருக்கிறன், இவர் எறியச் சொல்லுவார், நான் விடமாட்டன். ஒண்டு கவனம், ஒரே கொடியில வெட்டின ரெண்டு தடியை வச்சால் மஞ்சள் சாதி ஒண்டுக்கொண்டு காய் பிடிக்காது, வேற வேற விதையில முளைச்ச ரெண்டு கொடி வேணும். கன நல்ல கொடியள் பூத்துப் பூத்துக் கொட்டுறது இதாலதான்.

பாவற்காயிலயும் புடோலிலயும் பழ ஈ குத்தினால் உள்ளுக்கு புழு வைக்கும், பிஞ்சாவே கடதாசி உறை போடோணும், அது சின்னவளின்ர பொறுப்பு, தன்ர கையால உறை கட்டின பாவற்காய் எண்டபடியால் கசக்குது எண்டு சொல்லாமல் சாப்பிடுறாள். பப்பாசிக்கு மண்ணைக் கும்பியாக்கி மேட்டில வச்சனான், தண்ணி தேங்கினால் வேர் அழுகிப்போகும். 2008 போல இங்க வெள்ளை மாப்பூச்சி வந்து பப்பாசி எல்லாத்தையும் அழிச்சதே, பிறகு அந்தப் பூச்சிக்குள்ள முட்டை போடுற ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டுத்தான் அடக்கினவை, மருந்தடிச்சில்லை. அதால எனக்கு எந்தப் பூச்சியைக் கண்டாலும் உடன மருந்துக்கு ஓடுற பழக்கம் பிடிக்கிறேல்லை. பழுக்கிற நேரம் கூரைக்கு மேலால மரநாய் வரும், பழம் கொஞ்சம் நிறம் மாறேக்கயே இறக்கிடோணும்.

மாமரம் ஒண்டு வைக்கச் சொல்லி மாமா கனநாளாக் கேக்கிறார், கறுத்தக்கொழும்பான் வேணுமாம். நான் சம்மதிக்கேல்லை. மா பூக்கிறதுக்கு நல்லாக் காயிற ஒரு காலம் வேணும், கொழும்பில வருசத்துக்கு 2400 மில்லிமீட்டர் கிட்ட மழை, வைகாசியில ஒருக்கா ஐப்பசியில ஒருக்கா எண்டு ரெண்டு தரம் கொட்டும், பூத்தாலும் ஈரத்தில பூ கறுத்து உதிரும். இருக்கிற இடத்தை அதுக்குக் குடுத்திட்டுப் பாத்துக்கொண்டிருக்க என்னால ஏலாது. கோவா, கரட்டும் அப்பிடித்தான், நுவரெலியாக்காரர் செய்யட்டும்.

டெங்கு விசயத்தில மட்டும் இங்க ஒருத்தரும் அசட்டையா இருக்கேலாது. நுளம்பு முட்டை போட்டுப் பறக்கிறதுக்கு ஒரு கிழமை பத்துநாள் காணும், சாடிக்குக் கீழ தட்டு வைக்கிறதே இல்லை, சிரட்டை, யோகட் கப் ஒண்டும் வெளியில கிடக்கக்கூடாது, கூரைப் பீலியில இலை அடைக்கக்கூடாது. பீ எச் ஐ, சுகாதாரப் பரிசோதகர், வந்தால் எங்கட வளவை வடிவா நிண்டு பாக்கட்டும்.

குசினிக் கழிவு எல்லாம் பின்னால மூடிபோட்ட பரலுக்குள்ள, காஞ்ச இலையும் தும்புத்தூளும் மாறி மாறிப் போட்டு. இது எனக்கு வெறும் பசளை விசயம் இல்லையடி. 2017 சித்திரைப் புதுவருசத்தண்டு கொழும்புக்குப் பக்கத்தில மீதொட்டமுல்லையில குப்பைமேடு சரிஞ்சு வீடுகளை மூடி முப்பதுக்கு மேல சனம் செத்தது. கொழும்புச் சனம் வாசலில கட்டி வச்ச பைகள்தான் அங்க மலையா நிண்டது. அதுக்குப் பிறகு வாழைப்பழத்தோல் ஒண்டைக் கூட ரோட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வாறேல்லை.

இப்ப உன்ர வளவு. புரட்டாதி தொடங்கீட்டுது, உங்களுக்கு வருச மழையில பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையிலதானே, அதுக்கு முதல் கிணத்தடியில இருந்து குசினி வரைக்கும் உள்ள துண்டை மட்டும் எடு, மிச்சத்தை அடுத்த வருசம் பாப்பம். செம்பாட்டு மண் தண்ணியைக் கெதியா விட்டிடும், அதால வேலியில நிக்கிற பூவரசு, சீமைக்கிளுவைக் குழையை வெட்டித் தாட்டுவிடு, மேலால பனையோலை பரப்பு. யூரியாவைக் கொட்டாத, கீழ சுண்ணாம்புக்கல், போட்டதெல்லாம் கிணத்துக்குள்ளதான் இறங்கும், உங்கட பக்கத்துத் தண்ணியில நைத்திரேற்று கூடினது உனக்குத் தெரியாததில்லை, அதே கிணத்திலதான் அம்மா குடிக்கிறா. கத்தரி, மிளகாயில இலை சுருண்டால் 1920 க்கு கோல் எடுத்துக் கேள், விவசாயத் திணைக்களத்தின்ர நம்பர். அதோட அம்மாவை ஒண்டும் செய்யவேண்டாம் எண்டு கதிரையில இருத்தி வைக்காத, கீரை ஆயிறதை அவவிட்ட விடு.

மகளை பேராதனையில விட்டிட்டு இங்கால ஒருக்கா வருவாய்தானே? வரேக்க உங்கட முருங்கையில நல்லா முத்தின தடி ரெண்டு கொண்டுவா, நான் புளிவாழைக் குட்டியும் பஷன்புறூட் கண்டு ரெண்டும் எடுத்து வைக்கிறன். அதுக்கு முதல் காலமை ஒருக்கா பின்னேரம் ஒருக்கா வளவை வீடியோ எடுத்து அனுப்பு, வெய்யில் எங்க விழுது எண்டு பாத்திட்டு எதை எங்க வைக்கிறதெண்டு சொல்லுறன்.