அந்த 11 சீட்டுகளைப் பற்றி

மதிப்பிற்குரிய மனித உரிமை நாள் கருத்தரங்கக் குழுவினருக்கு,

வணக்கம்.

கடந்த டிசம்பர் 10ஆம் தேதி உங்கள் கல்லூரி அரங்கில் நடந்தது உங்களுக்கே தெரியும், நான் விவரிக்க வேண்டியதில்லை. வேன் அனுப்பி எங்களை அழைத்துப்போனீர்கள், நன்றி. பின்வரிசை நாற்காலிகள் நிறைந்தன. டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தீர்கள், அதற்கும் நன்றி. நேரமில்லாததால் கேள்விகளை எழுதிப் போடுங்கள், கட்டாயம் பதில் வரும் என்று சொல்லி மேடை ஓரத்தில் ஒரு ஸ்வீட் பாக்ஸ் வைத்தீர்களே, அதில் எங்கள் ஆட்கள் போட்ட 11 சீட்டு என்ன ஆனது? இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நான் திருவொற்றியூரில் ஒரு ஜெராக்ஸ் கடை ஓரமாக மேஜை போட்டு மனு எழுதுகிறவன். முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டில் பெயர் நீக்கல், பட்டா, வாரிசுச் சான்று எல்லாம் எழுதுவேன். அந்த 11 சீட்டில் 9 என் கையெழுத்து. எழுதத் தெரியாதவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொல்ல, உங்கள் நிகழ்ச்சி நிரல் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். மனு எழுதிய நாளிலிருந்து பதில் வருகிறதா என்று எண்ணிக்கொண்டிருப்பது எங்கள் தொழிலில் ஒட்டிக்கொண்ட வியாதி. அதனால் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எர்ணாவூர் பக்கம் மீன் விற்கும் ஓர் ஆயா சொல்லி எழுதியது. 2023 டிசம்பர் 26 ராத்திரி, உர ஆலைக்குக் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததே, அந்த ராத்திரியைப் பற்றியது. அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படிந்து, படகும் வலையும் கறுத்துப்போயிருந்தன. ஆயா வீட்டில் நாள் கணக்காக வியாபாரம் இல்லை. அன்றைக்கு நடு ராத்திரி நெருங்கும்போது பேரன் இருமி எழுந்திருக்கிறான். பக்கத்து வீட்டில் கேஸ் சிலிண்டர் திறந்து கிடக்கிறதோ என்று நினைத்துக் கதவைத் திறந்தாராம். திறந்ததுதான் தப்பு. கண் எரிந்து, தொண்டை அடைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தால் தெருவே ஓடிக்கொண்டிருந்தது. பாதி ஜனம் வடக்கே, பாதி ஜனம் தெற்கே. நாற்றம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஈரத் துண்டை அவன் மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் எரிச்சல் அதிகமாவது தெரிந்ததாம். திரும்பி எதிர்ப்பக்கம் ஓடியிருக்கிறார், அறுபது வயதுக்கு மேல், செருப்பில்லாமல்.

இதை நான் மனு பாஷையில், 'மேற்படி சம்பவத்தின்போது அபாயச் சங்கு ஒலிக்கப்படவில்லை' என்று எழுதினேன். ஆயா விடவில்லை.

"இன்னா எழுதின, படி."

படித்தேன்.

"நான் அப்படியா சொன்னேன் நைனா? எங்களாண்ட யாரும் சொல்லலன்னு எழுது. திரும்ப வந்தா எந்தப் பக்கம் ஓடணும்னு கேளு."

அடித்துவிட்டு அப்படியே எழுதினேன். எங்களாண்ட யாரும் சொல்லல. திரும்ப வந்தா எந்தப் பக்கம் ஓடணும்? நான்காக மடித்து, அவரே எழுந்து போய்ப் பெட்டியில் போட்டார். அந்த நேரத்தில் மேடையில் சிறப்பு விருந்தினருக்கு மூன்றாவது பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

அதே விருந்தினர்தான் அப்புறம் பேசினார். மனித உரிமை என்பது வெள்ளைக்காரர்கள் தங்கள் உடம்புக்குத் தைத்துக்கொண்ட சட்டை, நம் உடம்புக்குப் பொருந்தாது, நம்முடையது உரிமைப் பண்பாடு இல்லை, கடமைப் பண்பாடு என்றார். முன்வரிசையில் பலத்த கைதட்டல். எனக்குப் பக்கத்தில் ஆயா இருமிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் உடம்பு அம்மோனியாவுக்கு வேறு விதமாக இருமுமா என்று அவரிடம் கேட்கத் தோன்றியது. கேள்வி நேரம் இல்லையே.

நான் பெரிய படிப்பாளி இல்லை. ஆனால் மனுவில் ஒரு சட்டப் பிரிவைப் போடுவதற்கு முன்னால் சரிபார்க்கும் பழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தில் இதையும் தேடிப் படித்தேன். 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றபோது 48 நாடுகள் ஆதரித்தன, அதில் இந்தியாவும் ஒன்று. எதிர்ப்பு யாருமில்லை. 8 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. ஒதுங்கியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அந்த வருஷம்தான் நிறவெறியைக் கொள்கையாக்கிய கட்சி ஆட்சிக்கு வந்திருந்த தென்னாப்பிரிக்கா. எல்லோருக்கும் பொது என்ற சட்டை யாருக்குப் பிடிக்காமல் போனது என்று அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

தையல்காரர்களையும் பார்க்கலாம். எழுதிய குழுவில் சீனாவின் பி.சி. சாங் இருந்தார், லெபனானின் சார்லஸ் மாலிக் இருந்தார். முதல் பிரிவில் 'ஆண்கள்' என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை வைத்திருந்தார்கள். அதை மாற்றி 'மனிதர் எல்லோரும்' என்று ஆக்கவைத்தவர் சூரத்தில் பிறந்த இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா. ஆக, அந்தச் சட்டையில் முதல் பொத்தானே நம் ஊர்க்காரர் தைத்தது.

சரி, விருந்தினர் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு ஐ.நா.வில் இருந்தவை 58 நாடுகள்தான். ஆப்பிரிக்காவில் பெரும்பாலான நாடுகளுக்கு நாற்காலியே கிடையாது. காலனிகளைக் கையில் வைத்துக்கொண்டே பிரிட்டனும் பிரான்சும் கை தூக்கின. தங்களுக்கு வேண்டிய இடத்தில் உரிமை பேசி, வேண்டாத இடத்தில் வாய் மூடிக்கொள்வது பெரிய நாடுகளுக்கு இன்றும் வழக்கம்தான். இதையெல்லாம் அவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். ஆனால் கொடுத்தவன் கை சுத்தமில்லை என்றால் அவனைத்தான் கேட்க வேண்டும். வாங்கவேண்டியவருக்கு உரியது இல்லை என்று எப்படி ஆகும்? ரேஷன் கடைக்காரர் எடையில் குறைத்தால் சரியான எடை கேட்டுத்தான் நான் மனு எழுதுகிறேன், அரிசியே வேண்டாம் என்று எழுதுவதில்லை.

ஆசிய விழுமியம் என்ற ஒன்றையும் சொன்னார். சிங்கப்பூரின் லீ குவான் யூ, மலேசியாவின் மகாதீர் எல்லாம் பேசியதுதான். 1993இல் ஆசிய அரசுகள் பாங்காக்கில் கூடி, மனித உரிமையைப் பார்க்கும்போது அந்தந்த வட்டாரத்தின் வரலாறு, பண்பாடு, மதம் எல்லாவற்றையும் மனதில் வைக்கவேண்டும் என்று அறிக்கை விட்டன. அதற்குச் சில நாள் முன்னால் அதே பாங்காக்கில் ஆசியாவின் தொண்டு அமைப்புகளும் கூடின. உரிமைகள் எல்லோருக்கும் பொதுதான், பண்பாட்டின் பேரைச் சொல்லி அதைக் குறைக்காதீர்கள் என்றன. அவர்களும் ஆசியர்கள்தானே? எது ஆசியா என்று சொல்லும் மைக் மட்டும் எப்போதும் ஒரே கையில் எப்படி இருக்கிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை. உங்கள் அரங்கிலும் மைக் மேடையில்தான் இருந்தது.

கடமைக்கு வருகிறேன். காந்தி 1947இல், அப்போது யுனெஸ்கோ தலைவராக இருந்த ஜூலியன் ஹக்ஸ்லிக்கு எழுதிய கடிதத்தை விருந்தினர் எடுத்துச் சொன்னார். ஒழுங்காகச் செய்த கடமையிலிருந்துதான் உரிமை வரும் என்று படிக்காத தன் தாயிடம் கற்றதாகக் காந்தி எழுதினார். உண்மைதான், எழுதினார். அப்படியே வைத்துக்கொள்வோம். அன்றைக்கு ராத்திரி சங்கு ஊதவேண்டியது யார் கடமை? போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்தான ஆலை நடத்துகிறவர், அதனால் என்ன அபாயம், வந்தால் என்ன செய்யவேண்டும் என்பதைத் தொழிலாளருக்கு மட்டுமில்லாமல் சுற்றுவட்டாரத்தில் குடியிருக்கிறவர்களுக்கும் சொல்லவேண்டும் என்றது அது. கசிவு நடந்த ராத்திரியில் அந்தச் சட்டம் நடப்பில் இருந்தது. ஆயா சட்டம் படித்ததில்லை. 'எங்களாண்ட யாரும் சொல்லல' என்ற மூன்று வார்த்தையில் அந்தப் பிரிவு முழுக்க இருக்கிறது. கடமைப் பண்பாடு பேசுகிறவர்கள் அந்தச் சீட்டைத்தான் முதலில் பிரித்திருக்கவேண்டும்.

மனித உரிமை உலகப் பொதுவா என்று கேட்பதற்கு முன்னால் சென்னைப் பொதுவா என்று ஒரு கருத்தரங்கம் வைத்திருக்கலாம். 2009இல் வந்த தேசியக் காற்றுத்தர வரையறைப்படி அம்மோனியா 24 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. தென்சென்னைப் பெசன்ட் நகருக்கும் வடசென்னை எர்ணாவூருக்கும் காகிதத்தில் ஒரே எண்தான். ஆனால் ஊருக்கு வேண்டிய கரண்டும் பெட்ரோலும் உரமும் எங்கள் பக்கம் தயாராகும், ஊரின் குப்பை கொடுங்கையூரில் இறங்கும், நாங்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளவேண்டும் என்பது எழுதாத விதி. பாரிஸில் எழுதியதை மாற்றவேண்டும் என்கிறீர்கள். இந்த எழுதாததை யார் மாற்றுவது?

வெள்ளைக்காரன் வந்துதான் எங்களுக்கு உரிமை என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்தான் என்பதும் எனக்குக் கொஞ்சம் சிரிப்பாக இருக்கிறது. உங்கள் கல்லூரியிலிருந்து பஸ் பிடித்தால் பெரம்பூர். 1918 ஏப்ரல் 27ஆம் தேதி அங்கே மில் தொழிலாளிகள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்தார்கள். வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். அந்த மில்லை நடத்தியது வெள்ளைக்காரக் கம்பெனி. பாரிஸ் பிரகடனத்துக்கு 30 வருஷம் முன்னால் வடசென்னைக்காரன் வெள்ளைக்காரனிடமே கேட்ட உரிமையை, இன்றைக்கு நாம் திரும்பக் கேட்டால் மேல்நாட்டுச் சரக்கு என்கிறீர்கள்.

இன்னொன்று, சின்ன விஷயம், சொல்லாமல் விட மனசு வரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் ஒரு சான்றிதழ் கொடுத்தீர்கள். கெட்டியான தாள், தங்க நிற ஓரம். அதில் 'மனித உரமை நாள்' என்று அச்சாகியிருக்கிறது. உர ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் என்பதால் எங்களுக்காகவே அப்படிப் போட்டீர்களோ என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். ஆயா அதை லேமினேட் பண்ணி மாட்டிவிட்டார், அது வேறு கதை. 20 ரூபாய் செலவு.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மேடையில் அன்று ஓய்வுபெற்ற அதிகாரிகள் இருந்தார்கள், பணியில் இருக்கிறவர்களும் இருந்தார்கள். அவர்களை எங்கள் மேஜைக்கு வரவழைக்க என்னால் முடியாது, உங்களால் முடிந்திருக்கிறது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அந்த 11 சீட்டையும் பிரித்துப் படியுங்கள். யார் பதில் சொல்லவேண்டுமோ அவரிடம் கொடுத்து, தேதியும் கையெழுத்தும் போட்ட பதிலாக வாங்கித் தாருங்கள். தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதிக் கொடுக்கட்டும், பரவாயில்லை.

சீக்கிரம் செய்தால் நல்லது. சீட்டு போட்டவர்களில் இரண்டு பேருக்கு மனித உரிமை ஆணையத்துக்குப் போகும்படியான வேறு புகார்கள் உண்டு. 1993 சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, சம்பவம் நடந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டால் ஆணையம் விசாரிக்க முடியாது. அந்தக் கணக்கு ஸ்வீட் பாக்ஸுக்குள்ளும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பெட்டி டீ கப்புகளோடு சேர்ந்து குப்பைக்குப் போயிருந்தால் அதையும் தயவுசெய்து சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். 11 பேரும் இங்கேயேதான் இருக்கிறார்கள், மறுபடி எழுதித் தருகிறேன். காலை 10 மணியிலிருந்து 5 மணிவரை மேஜையில் இருப்பேன். 2 மணிக்குச் சாப்பிடப் போனால் ஜெராக்ஸ் கடைப் பையனிடம் கொடுத்துவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனு எழுதுகிறவன்,
திருவொற்றியூர்.