டிக்கியில் தண்ணீர்: எந்த சீலன்ட் வாங்குவது?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு, கொஞ்ச நாள் குனிந்து எதையும் தூக்காமல் பார்த்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். மகளுக்குக் கல்லூரியில் இது கடைசி வருடம். மேலே படிக்கவா, வேலைக்குப் போகவா என்று தினமும் வீட்டில் பேச்சு ஓடுகிறது.

சரி, கார் விஷயம். ஸ்டெப்னி வைக்கிற குழியில் தண்ணீர் நிற்கிறது, அடைக்க எந்த சீலன்ட் (ஒழுகலை அடைக்கிற பசை) வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். வழி தெரிவதற்கு முன் எதையும் வாங்காதே. தண்ணீர் எங்கே நுழைந்தாலும் கடைசியில் அந்தக் குழிக்குத்தான் இறங்கும். மேட், ஸ்டெப்னி, பக்கவாட்டு லைனிங் எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, நன்றாகக் காயவிடு. பிறகு பின்சீட்டைச் சாய்த்து, டார்ச்சோடு நீ உள்ளே உட்கார்ந்துகொள். தம்பியை வெளியே ஹோஸ் பிடிக்கச் சொல். கீழிருந்து மேலே போக வேண்டும்: முதலில் பம்பர் மட்டம், அப்புறம் டெயில் லைட், டிக்கி ரப்பர், கடைசியில் பின்கண்ணாடியும் கூரை ஓரமும். மேலே ஆரம்பித்தால் வழிகிற தண்ணீர் எல்லாவற்றையும் நனைத்துவிடும். எந்த இடம் ஒழுகுகிறது என்று பிரிக்கவே முடியாது. ரப்பர்மேல் சந்தேகம் இருந்தால் அதில் டால்கம் பவுடரைத் தடவி மூடித் திற. எதிர்ப்பக்கத் தகரத்தில் பவுடர் ஒட்டாத இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை.

ரப்பர்தான் காரணம் என்றால் சீலன்ட் பேச்சே வேண்டாம். கிழிந்திருந்தால் மாற்று, காய்ந்துபோயிருந்தால் சிலிக்கான் கிரீஸ் தடவு. மண்ணெண்ணெயோ வாசலினோ படக்கூடாது, டிக்கிக்குப் போடுகிற வகை ரப்பர் எண்ணெயில் ஊதிப்போகும்.

டெயில் லைட்டைச் சுற்றி வந்தால் பியூட்டைல் டேப் போதும். கறுப்பாகப் பிசுபிசுவென்று இருக்கும், இறுகிக் கல்லாகாது. நாளைக்கே பல்பு ஹோல்டருக்காக லைட்டைக் கழற்ற வேண்டி வந்தாலும் தகராறில்லாமல் வரும். அங்கே போய் இறுகிப் பிடிக்கிற பாலியூரித்தேன் சீலன்டை வைத்து ஒட்டினால் அடுத்த முறை லைட் உடைந்துதான் வெளியே வரும்.

தகரமும் தகரமும் சேரும் பற்றவைப்பு இணைப்பில் பழைய சீலர் வெடித்திருந்தால்தான் உண்மையான சீலன்ட் வேலை. கண்ணில் பட்டதும் வாங்கத் தோன்றுவது குளியலறை சிலிக்கான். அதை மட்டும் தொடாதே. வினிகர் வாடை அடிக்கிற வகை இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடும். பெயின்ட் உரிந்த தகரத்தைத் துரு பிடிக்க வைக்கும். வாடையில்லாத நியூட்ரல் வகை தகரத்தைக் கெடுக்காது, ஆனால் அதன் மேலும் பெயின்ட் நிற்காது. ஒருமுறை சிலிக்கான் பட்ட இடத்தில் வேறு சீலன்ட் பிடிப்பதும் கஷ்டம். டிங்கரிங் செய்கிறவர்கள் அதைக் கண்டாலே எரிச்சல்படுவது நியாயம்தான்.

இந்த இணைப்புக்குப் பாலியூரித்தேன் சீம் சீலர் (தகர இணைப்பை அடைக்கிற சீலன்ட்), அல்லது எம்எஸ் பாலிமர் என்ற இன்னொரு வகை சீலன்ட், இந்த இரண்டில் ஒன்றை வாங்கு. இரண்டும் காற்றின் ஈரத்தால் இறுகும், வளைந்துகொடுக்கும், மேலே பெயின்ட் ஏற்கும். பாலியூரித்தேனின் பிடி அபாரம். ஆனால் வெறும் தகரத்தில் பிரைமர் (அடிப்பூச்சு) கேட்கும், வெயில் பட்டால் மேற்பரப்பு கெடும். எம்எஸ் பாலிமரில், பாலியூரித்தேனில் இருக்கிற, மூச்சுக்குக் கெடுதலான ஐசோசயனேட் என்ற ரசாயனம் கிடையாது, வெயிலையும் நன்றாகத் தாங்கும். வீட்டில் நீயே செய்யப் போவதால் என் ஓட்டு எம்எஸ் பாலிமருக்கு.

எதை வாங்கினாலும் பாதி வெற்றி தயாரிப்பில் இருக்கிறது. பழையதைச் சுரண்டி எடு, துருவைத் தேய்த்து எபாக்சி பிரைமர் அடி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடை. இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தடவினால் கோடு சுத்தமாக வரும். முடிந்தவரை வெளிப்பக்கத்தில் போடு. உள்ளே மட்டும் அடைத்தால் தண்ணீர் மடிப்புக்குள்ளேயே நின்று தகரத்தைத் தின்னும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். அவசரப்பட்டு மறுநாளே ஹோஸைப் பிடிக்காதே.

பம்பருக்குப் பின்னால் இறக்கை வைத்த காற்றோட்ட மூடிகள் இருக்கும். அவற்றின் சுற்று விளிம்பு ஒழுகினால் அதை மட்டும் அடை, இறக்கைகளை ஒட்டிவிடாதே. கதவு மூடும்போது உள்ளே அழுந்தும் காற்று அந்த வழியாகத்தான் போகிறது.

எங்கே ஒழுகுகிறது என்று பார்த்ததும் ஒரு படம் எடுத்து அனுப்பு. கூரை ஓரத்துப் பள்ளம் என்றால் வாங்குவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேள், அங்கே மேல்பட்டையைக் கழற்றாமல் வேலை நடக்காது. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
முரளி