கத்தாதே மனே

பாண்டிருப்பு
ஞாயிறு இரவு

அன்புள்ள மகனுக்கு,

நீ நடிக்கிற படத்திலிருந்து அனுப்பிய வீடியோவை நானும் அம்மாவும் மூன்று தரம் பார்த்தோம். முதல் தரம் உன் முகத்தைப் பார்த்தோம். இரண்டாம் தரம், அந்தக் குளிருக்குள் மெல்லிய சேட்டோடு நிற்கிறான் என்று அம்மா புலம்பியதில் பாதி கேட்கவில்லை. மூன்றாம் தரம்தான் கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேட்டேன். போனில் சொன்னால் "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

மனே, நீ கத்துகிறாய். தங்கச்சியைக் கொன்றவனைத் தேடிப் போகிற அண்ணன் வேசம் என்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்று யார் சொன்னது? முதல் நிமிசத்திலேயே உச்சிக்கு ஏறிவிட்டால் மற்றப் பதினொரு நிமிசமும் எங்கே போவாய்? அதோடு அது உன் கத்தலும் இல்லை. "இன்னாடா" என்று தொடங்குகிறாய். மெட்ராஸ் படத்தில் கேட்ட கோபம் அது. உன் கோபம் எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் நான் உன் சைக்கிளை விற்றபோது மூன்று நாள் நீ என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் வந்து, "அப்பா, பள்ளிக்கு நடந்து போறதும் நல்லந்தான், என்ன?" என்றாய். இன்றைக்கும் அது என் நெஞ்சில் முள்ளாகத்தான் கிடக்கிறது.

அம்மாவைக் கட்டி இங்கே வருவதற்கு முதல், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், விடிய விடிய ஆடும் வடமோடி நாட்டுக்கூத்தில் நான் கட்டியகாரனாக ஆடியது உனக்குத் தெரியும். ராசா வேசம் கிடைக்கவில்லை என்று எனக்கு மனக்குறை. கரப்புப் போல விரிந்த கரப்புடுப்பைக் கட்டிக்கொண்டு ராசாமார் சுழன்று ஆட, நான் கோலை ஊன்றி வரவு சொல்லி, இடையிடையே சனத்தைச் சிரிக்க வைத்து ஒதுங்க வேண்டும். ஒரு நாள் துகிலுரிதலுக்கு முந்தின கட்டத்தில் நான் ஏனோதானோ என்று பேசிவிட்டேன். விடிந்ததும், கூத்துப் பழக்கின அண்ணாவியார் மத்தளத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "இண்டைக்குச் சனம் சிரிக்கல்ல. மறுகா பாஞ்சாலி எங்கெருந்து அழுறது?"

அந்த நேரம் விளங்கவில்லை. அடுத்த கூத்துக் களரியில் நன்றாகச் சிரிக்க வைத்தேன். துச்சாதனன் கூந்தலில் கை வைத்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. பெற்றோல்மாக்ஸ் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு கிழவி தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஒரு நிமிசத்துக்கு முதல் சிரித்த வாய் அது.

போன கிழமை உன் தங்கச்சி தொலைக்காட்சியில் 'மகாராஜா' படத்தைத் திரும்பப் போட்டாள். 2024இல் வந்தபோதே பார்த்ததுதான். விஜய் சேதுபதிக்கு அது ஐம்பதாவது படம், இயக்கியவர் நித்திலன் சாமிநாதன். இந்தத் தரம் நான் கதையைப் பார்க்கவில்லை, அந்த மனிசன் வாயைத் திறக்கும் விதத்தைப் பார்த்தேன். காதில் கட்டோடு ஒரு முடிதிருத்துபவன் பொலிஸ் நிலையத்துக்கு வருகிறான். லட்சுமியைக் காணவில்லை என்று முறைப்பாடு. லட்சுமி யார்? வீட்டுக் குப்பைத் தொட்டி. அதைச் சொல்லும்போது அவன் கண்ணைச் சிமிட்டுவதில்லை, குரலை ஏற்றுவதில்லை. பொலிஸ்காரர் பைத்தியம் என்று விரட்டுகிறார்கள். அவன் அதே கதையை அதே சுருதியில் திரும்பச் சொல்கிறான். பகிடி விடுகிற எண்ணமே அவன் குரலில் இல்லாதபடியால்தான் எங்களுக்குச் சிரிப்பு வருகிறது. நானும் சிரித்தேன், தங்கச்சியும் சிரித்தாள்.

பிறகு உண்மை வருகிறது. லொறி வந்து வீட்டில் மோதிய நாளில் அந்தத் தொட்டி கவிழ்ந்துதான் அவன் குழந்தை தப்பியது. இப்போது அந்தத் தொட்டிக் கதையை வைத்தே தன் மகளுக்கு நடந்த கொடுமையை அவன் மூடி வைத்திருக்கிறான். முந்திச் சிரித்த ஒவ்வொரு சிரிப்புக்கும் அப்போது வெட்கம் வரும். அவன் குரல் மட்டும் தொடக்கத்தில் இருந்த இடத்திலேயே நிற்கிறது. மாறினது எங்கள் காது.

வாத்தியார் புத்தி போகாது, பொறுத்துக்கொள். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடு, அதாவது உடம்பில் தெரிகிற உணர்ச்சி, சொல்லும்போது நகையை, அதாவது சிரிப்பைத்தான் முதலில் வைக்கிறது. நகை நாலு இடத்தில் பிறக்கும்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். வெகுளிக்கும், அதாவது கோபத்துக்கும், நாலு: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. குடிகோள் என்றால் ஒருவனின் மனைவி, சுற்றம், குடிப்பிறப்பு போன்றவற்றுக்குக் கேடு சூழ்தல் என்று பழைய உரைகாரர் பேராசிரியர் சொல்கிறார். முப்பது வருசம் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு சூத்திரத்தையும் பாடமாக்கக் கொடுத்தேன். அந்தப் படத்தைப் பார்த்த இரவுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவன் மடையன் என்று எங்களை எள்ள வைத்து, அந்த எள்ளலுக்கு அடியிலேயே குடிகோளைப் புதைத்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனி. அந்தக் கொடுமையில் பங்குள்ள ஒருவனாகச் சிங்கம்புலியைப் போட்டிருக்கிறார்கள். 'ரெட்', 'மாயாவி' படங்களை இயக்கியவர், பிறகு பகிடி நடிகராக எங்களுக்குப் பழகிப்போனவர். அந்தக் குரல் கேட்டாலே சிரிக்கத் தயாராகி விடுவோம். அந்த நம்பிக்கையைத்தான் திருப்பி எங்கள் மேலேயே எறிகிறார்கள்.

இந்த வித்தை புதிதில்லை. 1989இல் 'அபூர்வ சகோதரர்கள்' வீடியோ கொப்பி வந்தபோது, அதைப் போட்டுப் பார்க்கிற டெக்கை வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றி, எங்கள் ஒழுங்கை முழுக்கப் பார்த்தது. அதிலும் வில்லன்மாரில் ஒருவர் நாகேஷ். உன் அம்மம்மா கடைசிவரைக்கும் அவர் கெட்டவன் என்பதை நம்பவில்லை. அப்பு யார்? சர்க்கஸ் கோமாளி. தாய் வயிற்றில் இருக்கும்போதே கொடுத்த நஞ்சால் குள்ளமாகப் பிறந்தவன். பழிவாங்க அவன் எடுப்பது தன் தொழிலைத்தான், சனத்தைச் சிரிக்க வைத்த அதே சாமான்களை. கமல்ஹாசனின் குரலைக் கேள்: மெக்கானிக் ராஜாவின் பேச்சு துள்ளும், அப்புவின் பேச்சு தணிந்து நிற்கும். ஒரே தொண்டை. நடுவில் ஜனகராஜ் இன்ஸ்பெக்டராக வந்து கிரேசி மோகனின் வசனத்தால் வயிற்றைப் புண்ணாக்குவார். கொலை நடக்கிற படம் என்பதே மறந்துபோகும். அடுத்த வருசம் ஆனியில் சண்டை மூண்டு நாங்கள் எல்லாரும் ஓடினோம். அந்த டெக்கும் போனது, அதை வாடகைக்குத் தந்த பொடியனும் பிறகு வரவில்லை.

பழி என்றால் என்ன என்று இந்த ஊருக்குப் படம் வந்து சொல்லித்தரத் தேவையில்லை. வருசா வருசம் திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாளும் பாரதம் நடக்கிறது. வனவாசத்தன்று நீயும் என் தோளில் இருந்து பார்த்தவன்தான். சபதம் எடுத்தவளின் கோபத்தில் சனம் தீ மிதிக்கிறது. அதே சனம் கச்சான் கொறித்துக்கொண்டு பகிடியும் விடும். இரண்டும் ஒரே வாய்தான்.

அம்மம்மாவின் கதை ஒன்று சொல்கிறேன், அது உனக்கு உதவும். மரைக்காலால் நெல் அளக்கையில் ஒருத்தன் அவவை ஏமாற்றிப்போட்டான். ஆர் என்று கேட்காதே, அவன் பிள்ளைகள் இப்பவும் ஊரில் இருக்கிறார்கள். அம்மம்மா சண்டை பிடிக்கவில்லை. அவனைக் காணும் இடமெல்லாம், "தம்பி, சாப்பிட்டீங்களா? மரைக்கால் சுகமா இரிக்கா?" என்று தேன் போலக் கேட்பா. பக்கத்தில் நிற்பவர்கள் வாய்க்குள் சிரிப்பார்கள். அவன் கடைசியில் வேறு ஒழுங்கையால் சுற்றிப் போகத் தொடங்கினான். ஒரு போகத்துக்குப் பிறகு இரண்டு மூட்டை நெல் எங்கள் படலைக்குள் கிடந்தது.

அந்தக் குரலில் உன் அண்ணனைப் பேச வை. கதவைத் திறந்ததும் கொலைகாரனிடம், "என்ன, சாப்பிட்டாச்சா?" என்று எங்கள் பேச்சிலேயே கேட்கட்டும். அந்த நாட்டில் பார்க்கிறவர்களுக்கு விளங்காது என்று டைரக்டர் சொன்னால் கீழே எழுத்துப் போடச் சொல். கத்துவதற்கு ஒரு இடம் மட்டும் மிச்சம் வை. தங்கச்சியின் செருப்பைக் காண்கிற இடத்தில் கத்தலாம். அதையும் சத்தமில்லாமல் செய்து பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடு.

குளிருக்குள் கத்தித் தொண்டையைக் கெடுக்காதே. கொத்தமல்லி அவித்துக் குடி. வருகிற மாதம் ஆள் ஒருத்தர் வருகிறார், அவரிடம் முந்திரிக் கொட்டை கொடுத்து விடுகிறோம்.

நெற்றியில் காட்டின காயம் உண்மையானதா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறா. மேக்கப் என்று நான் சொன்னேன், நம்பவில்லை. நீயே ஒருக்கா போன் எடுத்துச் சொல்லு.

இப்படிக்கு,
அப்பா