ஹெட்செட் வரட்டும், பெஞ்சைத் தூக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் தெற்குப் பகுதித் தொழிற்சாலைகளில் பயிற்சித் துறை பார்க்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். சென்னை, ஓசூர், கோவையிலிருந்து வந்து பிராஸ்பெக்டன், மோபெனி, ஜேக்கப்ஸ் பக்கம் வேலை பார்க்கும் உங்களில் சிலர் வி.ஆர். பயிற்சிக்கான (தலையில் ஹெட்செட் மாட்டி மெய்நிகர் காட்சியில் பழகுவது) மென்பொருள் எழுதுகிறீர்கள். சிலர் அதை வாங்கலாமா வேண்டாமா என்று நிர்வாகத்துக்குச் சொல்லும் இடத்தில் இருக்கிறீர்கள். அசெம்பிளி லைனுக்கு ஆள் தயார் செய்கிற இன்ஸ்ட்ரக்டராக உங்களிடம் ஒன்றைக் கேட்கத்தான் இந்த மடல். ஹெட்செட்டை உள்ளே கொண்டுவரும்போது, நிஜப் பாகங்களை வைத்துக் கையால் பழகும் பயிற்சி பெஞ்சை வெளியே அனுப்பாதீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் வி.ஆருக்கு எதிரி இல்லை. புது ஆளுக்குக் கற்றுக்கொடுப்பதற்காக ஓடுகிற லைனை நிறுத்த முடியாது, நிறுத்தவும் விடமாட்டார்கள். எந்தப் பாகம் முதலில், எது அடுத்து, எந்தப் பக்கம் நின்று எடுக்க வேண்டும், எங்கே கை போகக் கூடாது என்பதை எல்லாம் ஹெட்செட்டுக்குள் நூறு தடவை செய்து பார்க்கலாம், ஒரு பாகமும் பாழாகாது, ஒரு விரலும் நசுங்காது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பிராஸ்பெக்டனில் தண்ணீர் புகுந்து லைன் மாதக்கணக்கில் நின்றதே, அப்படிப்பட்ட நாட்களில் வேலையின் வரிசை மறந்துபோகாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 1929-இல் எட்வின் லிங்க் விமானிகளுக்காகத் தரையிலேயே ஒரு பயிற்சிப் பெட்டி செய்தார். ஆனால் அந்தப் பெட்டியில் மட்டும் பழகியவரிடம் பயணிகள் விமானத்தை யாரும் ஒப்படைத்ததில்லை.

இங்கே நடப்பது வேறு. ஒரு தொழிற்சாலையில் (பெயர் வேண்டாம்) ஹெட்செட் வந்த கையோடு பெஞ்ச் இருந்த இடத்தைக் காலி செய்து பாகங்கள் அடுக்கிவிட்டார்கள். அங்கிருந்து லைனுக்கு வந்த ஒரு பையன், திறமைசாலி, ஹெட்செட்டில் முழு மதிப்பெண் வாங்கியவன், ஒரு பிராக்கெட்டில் போல்ட் ஏற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். விரலால் இரண்டு மூன்று சுற்று ஏற்றிப் பார்க்காமல், வைத்ததும் நேராகப் பவர் டூலைப் போட்டான். மரை கோணலாகப் பிடித்துவிட்டது. கை பழகியவருக்கு அந்த முதல் அரைச் சுற்றிலேயே விரல் நுனி சொல்லிவிடும், இது சரியில்லை, கழற்றி மறுபடி வை என்று. அவனுக்கு அது தெரியவில்லை, ஏனென்றால் ஹெட்செட்டோடு கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் அவனுக்குக் கொடுத்ததெல்லாம் எல்லாப் போல்ட்டுக்கும் ஒரே மாதிரியான ஒரு சின்ன அதிர்வுதான். கிளிக் சத்தம் வந்ததால் போல்ட் நன்றாக இறுகிவிட்டது என்று நம்பினான். அந்தப் பையனை நான் குறை சொல்லமாட்டேன். அவனுக்குக் கற்றுக்கொடுக்காததை அவனிடம் எதிர்பார்த்தது நாம்.

டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) பிடித்த யாருக்கும் இது தெரியும், இருந்தாலும் மென்பொருள் பக்கம் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நாம் போடுகிற முறுக்கு விசையில் ஏறத்தாழ 90 சதவீதம் போல்ட் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வுக்கே போய்விடும், இரண்டு பாகங்களையும் இழுத்துப் பிடிக்க மிஞ்சுவது 10 சதவீதத்தை ஒட்டித்தான். அதனால் மரையில் கொஞ்சம் எண்ணெய் இருந்தாலும், ஒரு சிட்டிகை தூசி இருந்தாலும், ரெஞ்ச் காட்டும் எண் அதேதான், உள்ளே பிடிப்பு வேறு. வயரிங் கனெக்டரும் அப்படித்தான், தள்ளு, சத்தம் கேள், திரும்ப இழுத்துப் பார் என்கிற மூன்றில் கடைசியைச் சொல்லித்தர உண்மையான கனெக்டர் வேண்டும். பாதி மாட்டிய கனெக்டர் தொழிற்சாலைக்குள் வேலை செய்யும், வண்டி சாலைக்குப் போனபிறகுதான் தொல்லை தரும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் புதுத் தொழிலாளர்களை வேகமாகத் தயார் செய்ய உருவாக்கிய முறை ஒன்று உண்டு, போருக்குப் பிறகு ஜப்பானுக்குப் போய் டொயோட்டா வரை பரவியது. நான்கு படிகள்: ஆளைத் தயார் செய், செய்து காட்டு, அவரையே செய்ய விடு, பிறகும் போய்ப் பார்த்துக்கொண்டிரு. மூன்றாம் படியில் கற்பவர் கையால் செய்துகொண்டே முக்கியமான இடங்களை வாயாலும் சொல்ல வேண்டும், ஏன் அப்படிச் செய்கிறோம் என்றும் சொல்ல வேண்டும். இப்போது வரும் வி.ஆர். பாடங்கள் முதல் இரண்டு படிகளை அழகாகச் செய்கின்றன. மூன்றாவதைப் பாதிதான். நான்காவது, அது மனிதர் வேலை, அங்கே உங்கள் மென்பொருள் வரவே வேண்டாம்.

அப்புறம் நேரக் கணக்கு. பாடத்தை எத்தனை நொடியில் முடித்தார் என்று திரையில் பெரிதாகக் காட்டுகிறீர்கள், இருபது வயதுப் பிள்ளைகள் அதைப் போட்டியாக எடுத்துக்கொண்டு வேகத்தைத்தான் பழகுகிறார்கள். எந்த இடத்தில் தயங்கினார், எந்தத் தவறைத் தானே கவனித்துத் திருத்தினார் என்பதைக் காட்டுங்கள், எனக்கு அதுதான் தேவை.

தலையில் மாட்டுகிற விஷயத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் டிரெய்னிகளில் பல பெண்கள் முடியைச் சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னிக் கட்டியிருக்கிறார்கள், ஹெட்செட்டின் பட்டை அவர்கள் தலையில் உட்காராது, ஹெட்செட் கீழே இறங்கி எழுத்து மங்கும். அவர்களோ வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், குறைந்த மதிப்பெண்ணோடு பேசாமல் போய்விடுவார்கள். கண்ணாடி போட்டவர்களுக்கும் இதே கஷ்டம். டர்பன் பிப்ரவரி வெக்கையில் லென்ஸ் வியர்த்துவிடும். சிலருக்குத் தலைசுற்றும், கண் நகர்வதாகச் சொல்ல, உள்காது நிற்பதாகச் சொல்வதால் வருவது அது, அவர்களின் சோம்பேறித்தனம் இல்லை. இவர்களுக்கு வேறு வழி வைக்காமல் மதிப்பெண் போடாதீர்கள். பாடம் பேசும் மொழி ஆங்கிலம் மட்டும் என்றால் அதையும் மாற்றுங்கள், லைனில் அவசரத்துக்கு எல்லோரும் கத்துவது இந்தப் பகுதி மொழியான ஜூலுவில்தான்.

வழி இல்லாமல் இல்லை. 1990களின் தொடக்கத்தில் போயிங்கில் டாம் காடலும் டேவிட் மிசெலும் விமான வயரிங்குக்காக யோசித்தது, கண்ணுக்கு முன்னால் ஊடே பார்க்கக்கூடிய திரை. வயர் எங்கே போக வேண்டும் என்று திரை காட்டும், கையில் இருப்பது உண்மையான வயர். இன்றைய ஹெட்செட்டுகளில் வெளி உலகைக் கேமரா வழியே வண்ணத்தில் காட்டும் வசதி வந்துவிட்டது. அதைத் திறந்துவிட்டு, கன்ட்ரோலரைக் கீழே வைக்கச் சொல்லி, நிஜ பிராக்கெட்டையும் நிஜப் போல்ட்டையும் கையில் கொடுங்கள். பழைய, கழித்துப் போட்ட பாகங்கள் போதும், ஸ்கிராப் தொட்டியில் நிறையக் கிடக்கின்றன. செலவு என்று நிர்வாகம் சொன்னால், சம்பளப் பட்டியலில் 1 சதவீதம் பயிற்சி வரியாகக் கட்டுகிறார்களே, அதில் ஒரு பங்கைத் திரும்பப் பெற வழி இருப்பதை நினைவுபடுத்துங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான்: ஹெட்செட்டில் தேறியவர் பெஞ்சிலும் தேறிய பிறகே லைனுக்கு வரட்டும், அந்தக் கையெழுத்தைப் போடுவது பக்கத்தில் நின்று பார்த்த இன்ஸ்ட்ரக்டராக இருக்கட்டும். அடுத்த பாடத்தை எழுதத் தொடங்கும் முன் ஒரு ஷிஃப்ட் முழுக்க லைனில் வந்து நில்லுங்கள். பாதுகாப்பு ஷூவும் கண்ணாடியும் நான் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
லைன் இன்ஸ்ட்ரக்டர் ஒருவர், இசிபிங்கோ