படகு வந்தது, தெரு தெரியவில்லை

எங்கள் பகுதியின் மழைவெள்ளப் பணிகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் நடந்த பருவமழை ஆயத்தக் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். எந்தெந்தக் கால்வாயைத் தூர்வாரினீர்கள், எத்தனை மோட்டார் தயாராக இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னீர்கள். நன்றி. ஆனால் தெருவாசிகளுக்கு மீட்புப் பயிற்சி கொடுங்கள் என்று கேட்டபோது, "வாட்ஸப் குழுவில் சேர்ந்துகொள்ளுங்கள், தகவல் வரும்" என்று முடித்துவிட்டீர்கள். அதனால்தான் இந்த மடல்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். வேளச்சேரி எப்படிக் கிடந்தது என்று உங்களுக்கே தெரியும். கரண்ட் இல்லை, இருட்டுவதற்குள் செல்போன் சிக்னலும் போய்விட்டது. வாட்ஸப்பில் யாருக்கு என்ன தகவல் வரும்?

எதிர்வீட்டுப் பெரியவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். மறுநாள் செவ்வாய்க்கிழமை அவர் போகவேண்டிய நாள். தெருவில் இடுப்பளவு தண்ணீர். அன்று மதியமே மெயின் ரோடு வரை மீட்புப் படகு வந்து திரும்பியிருக்கிறது. எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று படகில் வந்தவர்களுக்குத் தெரியாது. படகு வந்ததே எங்களுக்குத் தெரியாது. நடுவில் இருநூறு மீட்டர்கூட இல்லை. புதன்கிழமை காலையில் தெருப் பையன்கள் நாலு பேர், காலி டிரம்கள்மேல் பழைய கதவைக் கட்டி, அவரைப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். மருத்துவமனை ஃபைலைத் தலைக்குமேல் பிடித்தபடி அவர் வீட்டம்மா பின்னாலேயே நடந்தார். மூச்சுத்திணறலோடுதான் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மூடி இல்லாத வடிகால் எங்கே இருக்கிறது என்று அந்தப் பையன்களுக்குத் தெரியும். அதனால் பிழைத்தார்.

2015 வெள்ளத்திலும் கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டுவந்துதான் எத்தனையோ பேரை மீட்டார்கள். சனங்கள் சனங்களைக் காப்பாற்றுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. அதற்கு ஒரு ஏற்பாடு செய்துகொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்: தெருவுக்கு ஒரு குழு, அதற்குப் பயிற்சி, முதியோர், கர்ப்பிணிகள், நோயாளிகள் இருக்கும் வீடுகளின் பட்டியல் காகிதத்தில், மழைக்கு முன்பே இங்கே நிற்கும் ஒரு படகு.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் அந்தச் சதுப்பு நிலத்துக்குத்தான் வந்து, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாக பக்கிங்காம் கால்வாயில் சேரவேண்டும். அதன்மேல் குப்பைமேடும் கட்டடங்களும் ஏற எத்தனை கையெழுத்துகள் போடப்பட்டன! 2022-ல் உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் வந்தபோது மகிழ்ந்தோம். ஆனால் அதற்குள் முக்கால்வாசி போய்விட்டது. தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி எங்கள் வீட்டுக்குள் வருகிறது.

சரி, அதை ஒரே வருடத்தில் மீட்க முடியாது. தெருக்குழுவை இந்த மாதமே தொடங்கலாம். எங்கள் தெருவில் பதினான்கு பேர் பெயர் எழுதித் தந்திருக்கிறோம். அந்த நாலு பையன்களும் அதில் இருக்கிறார்கள். எந்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சி என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வேளச்சேரிவாசி ஒருவர்