முழங்கால் மருந்தை மாற்றி அனுப்பியதும் விளக்கம் தர மறுப்பதும் குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இரு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் உள்ள நான், சிங்கப்பூர் சைனாடவுனில் உள்ள உங்கள் சீன மருத்துவக் கிளையில் மூன்று மாத மருந்துக்கு 780 வெள்ளியை முன்கூட்டியே செலுத்தியவன். ஏழு தொலைபேசி அழைப்புகள், நான்கு மின்னஞ்சல்கள், இரண்டு நேரடி அலைச்சல்கள் ஆகியவற்றுக்குப் பிறகும் பதில் கிடைக்காததால் இக்கடிதத்தை எழுத வேண்டியதாயிற்று.

எனக்கு எழுதித் தரப்பட்டது டூ ஹுவோ ஜி ஷெங் டாங் என்ற சீன மூலிகை மருந்து. ஏழாம் நூற்றாண்டில் சுன் சிமியாவ் என்ற மருத்துவர் எழுதிவைத்த, பதினைந்து மூலிகைகள் கொண்ட கலவை அது என்று உங்கள் மருத்துவரே பெருமையுடன் விளக்கினார். இதயத் துடிப்புக் கோளாறுக்காக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை நான் உட்கொள்வதை முதல் நாளே அவரிடம் தெரிவித்தேன். அக்கலவையில் உள்ள டாங் குவெய் வேர் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி இரத்தக்கசிவுக்கு வழிசெய்யலாம் என்பதால், அதை நீக்கிய பொடிப் பொட்டலங்களையே அவர் தயாரிக்கச் சொன்னார். முதல் மாதம் அதைத்தான் குடித்தேன். வலி சற்றுக் குறைந்தது. அது பொடியின் பலனா, என் மகள் வாங்கித் தந்த வெந்நீர்ப் பையின் பலனா என்று வாதிட நான் வரவில்லை.

இரண்டாம் மாதம் பொட்டலங்களுக்குப் பதில் பெட்டியில் அடைத்த ஆயத்த மாத்திரைகள் வந்தன. நீங்கள் அனுப்பியது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிப் பதினொரு நாள் விழுங்கினேன். பலதுறை மருந்தகத்தில் வழக்கமான இரத்தப் பரிசோதனை செய்தபோது, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு, 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டியது, 4.1 என்று வந்தது. "புதிதாக என்ன சாப்பிட்டீர்கள்?" என்று மருத்துவர் கேட்ட பிறகே, பெட்டியின் பக்கவாட்டில் எறும்பு ஊர்ந்ததுபோல் அச்சிட்டிருந்த எழுத்துகளை மகள் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படித்தாள். நான்காவது பெயர் ஏஞ்சலிகா சைனென்சிஸ், அதாவது டாங் குவெய்.

இதைச் சொன்னதும் உங்கள் ஊழியர் ஒருவர் கூறியதை நான் மறக்கப்போவதில்லை. "இரண்டும் ஒரே மருந்துதான் அங்கிள். எல்லாம் இயற்கை, ஒன்றும் ஆகாது. வயதானால் முட்டி வலிக்கத்தான் செய்யும்." என் கேள்வி முட்டியைப் பற்றியதே அல்ல! இயற்கை என்றால் தீங்கில்லை என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? வார்ஃபரினின் ஆதியே மாடுகள் தின்ற பூசணம் பிடித்த தீவனத்தில் கண்டறியப்பட்ட பொருள்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

கிளைக்கு நேரில் வாருங்கள் என்று அதற்கு முன்பு ஒருவர் சொன்னதையும் குறிப்பிட வேண்டும். உங்கள் கிளை பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. மின்தூக்கி இல்லை. முழங்கால் நோயாளிகளுக்கு மருந்து விற்கும் இடத்துக்கு இருபத்திரண்டு படிகள், எண்ணிக்கொண்டேதான் ஏறினேன். மேலே போனால், உணவு இடைவேளை என்ற அட்டை தொங்கியது. முக்கால் மணி நேரம் நின்ற பிறகு, "மாற்றித் தருவது ஊபி கிடங்கில்தான்" என்றார்கள். மூட்டு தேய்ந்தவனுக்கு ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்பது உங்களுக்குத் தெரியாதா? கைப்பிடியைப் பற்றிப் பக்கவாட்டாக, ஒரு படியில் இரு கால்களையும் வைத்து வைத்து இறங்கினேன். ஊபியிலோ, வாடிக்கையாளருக்கு அனுமதி இல்லையென்று காவலாளி வாசலோடு திருப்பி அனுப்பினார். அந்த ஒரு நாளில் என் ஆயுளில் பத்து ஆண்டுகள் குறைந்துவிட்டன.

உங்கள் மருத்துவர்மீது எனக்குக் குறையில்லை. அவர் எழுதித் தந்ததை மாற்றியது யார், யாரைக் கேட்டு மாற்றினார்கள் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்கிறேன். பெட்டியில் அச்சிட்டிருப்பது உண்மையா, ஊழியர் சொன்னது உண்மையா என்பது சொந்த மருந்தை விற்கும் உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள்.

பதினான்கு நாளில் பதில் வராவிட்டால், பெட்டியையும் பரிசோதனை முடிவையும் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் ஒப்படைப்பேன். சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தில் மனுக் கொடுக்க எனக்குப் பத்து வெள்ளிதான் செலவு. அதற்கு அவசியம் நேராது என்றே இன்னும் நம்புகிறேன்.

பிரிக்காத இரண்டு பெட்டிகள் என்னிடம் உள்ளன. அவற்றை எடுத்துச் செல்ல ஆள் அனுப்புங்கள். அந்தப் படிகளில் இனி நான் ஏறுவதாக இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்